மூணு வருஷம்: பொட்டிக்கா, கணக்குப் புத்தகத்துக்கா?

"ஏம்ப்பா, ஒரு லேப்டாப் எத்தனை வருஷம் வரும்?"

கம்ப்யூட்டர் கம்பெனியில் ஆணி பிடுங்குகிறவன் என்று தெரிந்தால் போதும், ஜூன் ஜூலை வந்தால் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வர ஆரம்பித்துவிடும். பிள்ளைகள் காலேஜில் சேரும் நேரம் இல்லையா? கேட்பவர்கள் பெரும்பாலும் அப்பா அம்மாக்கள். கடைக்காரர் "மூணு வருஷம், மிஞ்சிப் போனா அஞ்சு" என்று சொல்லி அனுப்பியிருப்பார். நாலு வருஷ எஞ்சினியரிங் படிப்புக்கு மூணு வருஷப் பொட்டி என்றால், படிப்பு முடிவதற்குள் இன்னொரு தடவை தவணை கட்ட வேண்டுமா என்பது அவர்கள் கவலை. ரொம்ப நியாயமான கவலை.

என் பதில் இதுதான்: பார்த்து வாங்கினால் ஏழெட்டு வருஷம் வரும், வர வேண்டும். அந்த மூணு என்பது லேப்டாப்பின் ஆயுளே கிடையாது. கம்பெனிகளின் கணக்குப் புத்தகத்துக்காகப் போட்ட எண், எப்படியோ நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

அந்த மூணு எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். 2013-ம் வருஷத்து கம்பெனிகள் சட்டத்தில் இரண்டாவது அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. எந்தச் சொத்து எத்தனை வருஷம் பயன்படும் என்று கணக்கு வைக்க வேண்டும் என்பதற்கான பட்டியல் அது. அதில் சர்வருக்கும் நெட்வொர்க் சாமான்களுக்கும் 6 வருஷம். டெஸ்க்டாப், லேப்டாப் வகையறாவுக்கு 3 வருஷம். வருமான வரிக் கணக்கு இன்னும் வேகம். கம்ப்யூட்டருக்கு வருஷத்துக்கு 40 சதவீதம் தேய்மானம். 60,000 ரூபாய்க்கு வாங்கிய பொட்டி, முதல் வருஷ முடிவில் 36,000, அடுத்து 21,600, மூணாவது வருஷ முடிவில் 12,960 ரூபாய் என்று ஏட்டில் இறங்கிவிடும். பெரிய கம்பெனிகள் வாங்கும்போதே மூணு வருஷ வாரண்டியும் சேர்த்து வாங்குவது வழக்கம். அதுவும் அதே சமயத்தில் முடியும். அப்புறம் என்ன, "மாத்திடலாம்" என்று ஐடி துறையிலிருந்து ஒரு மெயில் வரும்.

கம்பெனி பக்கம் இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஒரு ஆள் பொட்டி கெட்டுப்போய் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்தால் ஆகும் நஷ்டம் அவர்களுக்குப் பெரிது. ஆனால் அந்தக் கணக்கு நமக்கு எதற்கு? நம் வீட்டில் தேய்மானம் எழுத எந்த ஆடிட்டரும் இல்லை. தவணை கட்டுகிற அப்பாதான் இருக்கிறார்.

கழித்துக் கட்டிய பொட்டிகள் எங்கே போகின்றன தெரியுமா? இங்கே பெங்களூரில் எஸ்.பி. ரோட்டுக்குப் போய்ப் பாருங்கள். டெல்லிக்காரர்கள் நேரு பிளேஸ் போகலாம், சென்னை என்றால் இருக்கவே இருக்கிறது ரிச்சி தெரு. மொத்தமாக வாங்கி வந்து, தூசி தட்டி, டிஸ்கை அழித்து, தேவைப்பட்டால் பேட்டரியும் கீபோர்டும் மாற்றி, அடுக்கி வைத்திருப்பார்கள். உதாரணத்துக்கு 2018-ல் வந்த திங்க்பேட் டி480. ஏட்டுக் கணக்குப்படி அது 2021-லேயே செத்துப்போன சாமான். ஆனால் அதற்கப்புறம்தான் அதன் இரண்டாம் வாழ்க்கையே ஆரம்பித்தது. ரேம் போட இரண்டு ஸ்லாட், பின்னால் ஒரு கொக்கியைத் தள்ளினால் கையோடு வரும் பேட்டரி, கெட்டியான கீல். பழைய சாமான் வாங்குகிறவர்கள் அதைத் தேடித் தேடி வாங்கினார்கள். ஒருவர் கையில் ஆயுள் முடிந்த அதே பொட்டி இன்னொருவர் கையில் நாலஞ்சு வருஷம் உழைக்கிறது என்றால், முடிந்தது எதன் ஆயுள்?

சரி, லேப்டாப்பில் நிஜமாகத் தேய்வது எது?

முதலாவது பேட்டரி. லித்தியம் அயான் பேட்டரிகள் சாதாரணமாக 300 முதல் 500 முழுச் சுற்றுகளில் தம் கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு இறங்கிவிடும். (சில மாடல்களில் 1000 சுற்று வரைக்கும் தாங்கும்படி செய்கிறார்கள்.) அதற்கு இரண்டு எதிரிகள்: சூடு, எப்போதும் 100 சதவீதத்திலேயே நிற்பது. நம் ஊர் ஏப்ரல் மே வெயிலில், பிளக்கைப் பிடுங்காமலே வருஷக்கணக்கில் ஓட்டினால் இரண்டும் சேர்ந்து கொல்லும். பல லேப்டாப்களில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும் வசதி செட்டிங்கிலேயே இருக்கிறது. நிறைய பேர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. ஒன்று மட்டும் மறக்காதீர்கள், பேட்டரி உப்பிவிட்டால் அதற்கப்புறம் அதை அழுத்தவோ சார்ஜ் போடவோ கூடாது. தீப்பிடிக்கும். உடனே கழற்றக் கொடுங்கள்.

இரண்டாவது டிஸ்க். "பொட்டி ஸ்லோ ஆயிடுச்சு, புதுசு வாங்கணும்" என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, உள்ளே இருப்பது சுற்றுகிற ஹார்ட் டிஸ்கா என்பதுதான். சுற்றுகிற டிஸ்க் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் தகவலை வினாடிக்கு நூறு தடவை எடுத்துத் தந்தாலே பெரிய விஷயம். எஸ்.எஸ்.டி.யால் அதே வேலையைப் பல்லாயிரம் தடவை செய்ய முடியும். பத்து வருஷப் பழைய பொட்டியும் எஸ்.எஸ்.டி. போட்டதும் எழுந்து உட்காரும்.

மூணாவது காற்று. உள்ளே இருக்கும் சின்ன ஃபேனில் தூசி அடைத்து, சிப்புக்கும் தாமிரத் தகட்டுக்கும் நடுவே தடவிய பசை காய்ந்துபோனால், சிப் சூடு தாங்காமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நமக்கு அது வயசானது மாதிரித் தெரியும். சுத்தம் செய்து புதுப் பசை தடவினால் வேகம் திரும்பிவிடும். மெத்தை மேல் வைத்து சினிமா பார்க்கிற வழக்கத்தை விட்டால் இன்னும் நல்லது.

நாலாவது கீல். திருகாணி பிடித்திருக்கும் பிளாஸ்டிக் விரிசல் விட ஆரம்பிக்கும்போதே காட்டிவிட்டால் ஒட்டுப்போட்டுச் சமாளிக்கலாம். "இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுவோம்" என்று விட்டால் திரையும் சேர்ந்து போகும்.

பட்டியலில் பிராசஸர் இல்லை, கவனித்தீர்களா? சிப் அவ்வளவு சீக்கிரம் தேய்வதில்லை. தேய்கிறவை எல்லாம் மாற்றக்கூடிய சாமான்கள். பேட்டரியும் எஸ்.எஸ்.டி.யும் சேர்த்து மாற்றினாலும் புதுப் பொட்டி விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

அப்படியானால் நல்லா ஓடுகிற பொட்டி ஏன் குப்பைக்குப் போகிறது? என் பார்வையில் காரணம் இரண்டு. இரண்டுமே தேய்மானம் இல்லை, யாரோ எடுத்த முடிவுகள்.

ஒன்று, மென்பொருள். விண்டோஸ் எக்ஸ்பி-க்கு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. முந்தைய தடவைகளில் பழைய பொட்டியிலேயே அடுத்த விண்டோஸை எப்படியாவது ஏற்றிக்கொள்ளலாம். 2021-ல் வந்த விண்டோஸ் 11-ல் அப்படி இல்லை. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், அதோடு பிராசஸரும் அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல்லில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்கு முந்தையவை எல்லாம் பட்டியலுக்கு வெளியே. ஏழாம் தலைமுறைப் பொட்டிகள் பலவற்றில் டி.பி.எம். 2.0 இருந்தும் இதே கதிதான். எக்ஸெல், பிரவுசர், வீடியோ கால் எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பொட்டி, ஒரு பட்டியலில் பெயர் இல்லாததால் ரிட்டையர் ஆகிவிட்டது. 2026 அக்டோபர் வரை ஓராண்டு நீட்டிப்பு கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

இதற்கு மாற்று இருக்கிறது. லினக்ஸ் மின்ட் போட்டால் அந்தப் பொட்டி இன்னும் சில வருஷம் பாதுகாப்பாக ஓடும். தமிழ் தட்டவும் அதில் கஷ்டம் இல்லை. ஆனால் டாலியை நம்பிக் கணக்கு எழுதுகிறவரிடம் போய் லினக்ஸ் உபதேசம் செய்ய மாட்டேன், அவர் பிழைப்பு விண்டோஸில் இருக்கிறது. படிக்கிற பிள்ளைகளுக்கும், பிரவுசரிலேயே வேலை முடிகிறவர்களுக்கும் தாராளமாகச் சொல்வேன்.

இரண்டாவது காரணம், பற்ற வைத்த ரேம். ஒல்லியாக இருக்க வேண்டும் என்று ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். வாங்கும்போது 8 ஜிபி என்றால் சாகும்வரை 8 ஜிபி. அந்த வகை ரேம் மின்சாரம் கம்மியாக எடுக்கும், வேகமும் அதிகம் என்று அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அதே வகை ரேமை கழற்றி மாட்டும்படி செய்ய முடியாது என்பது உண்மை இல்லை. 2024-ல் வந்த திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறையில் அதைச் செய்தே காட்டினார்கள். விலை அதிகம், எல்லாரும் வாங்க முடியாது, அது வேறு விஷயம். 2025-ன் கடைசி மாதங்களில் ரேம் விலை கண்டபடி ஏறியபோது, ஸ்லாட் உள்ள பொட்டி வைத்திருந்தவர் விலை இறங்கும்வரை காத்திருக்கலாம் என்று இருந்தார். பற்றவைத்தது வாங்க வேண்டியவருக்கு அந்தச் சலுகை இல்லை. அன்றைய விலைக்கே முழுசையும் வாங்கியாக வேண்டும்.

ஆகவே லேப்டாப்பின் ஆயுள் முடிவாகிற நாள், வாங்குகிற நாள்தான். கடையில் கலர் பார்க்கிறோம், எடை பார்க்கிறோம், பை இலவசமா என்று கேட்கிறோம். கேட்க வேண்டியது மூணே கேள்வி. ரேம் ஸ்லாட் இருக்கா? அடிமூடியை சாதாரணத் திருகாணியில் கழற்றி பேட்டரி மாற்றலாமா? இந்த மாடலுக்கு நம்ம ஊரிலேயே ஸ்பேர் கிடைக்குமா? மூணுக்கும் "ஆமா" என்றால் இரண்டாயிரம் மூவாயிரம் கூடுதலாக இருந்தாலும் வாங்குங்கள். ரேம் ஸ்லாட் இல்லாத மாடல்தான் வேண்டும் என்றால் 16 ஜிபிக்குக் கீழே இறங்காதீர்கள்.

"அப்ப புதுசே வாங்கக் கூடாதாங்க?" என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லவில்லை. மதர்போர்டு போய்விட்டால் பல சமயம் மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். என் கணக்கு எளிது: ரிப்பேர் செலவு, அதே மாதிரி ஒரு நல்ல பழைய பொட்டியின் விலையில் பாதியைத் தாண்டினால் நிறுத்திவிடலாம். வீடியோ எடிட்டிங், பெரிய மென்பொருள் கட்டுமானம் என்று பொட்டியின் வேகத்தை வைத்தே சம்பாதிக்கிறவர்கள் சீக்கிரம் மாற்றினாலும் கை நஷ்டம் இல்லை. மற்ற முக்கால்வாசிப் பேருக்குப் புதுசு தேவையில்லை, பழுது பார்த்தால் போதும்.

இதில் காசு மட்டும் இல்லை. லேப்டாப்பைப் பொறுத்தவரை, சுற்றுச்சூழலுக்கு ஆகும் கேட்டில் பெரும்பகுதி அதைச் செய்யும்போதே ஆகிவிடுகிறது, நாம் ஓட்டும்போது ஆவது கொஞ்சம்தான். செத்த பிறகு போகிற இடமும் நல்ல இடம் இல்லை. டெல்லி சீலம்பூரில் கையுறைகூட இல்லாமல் மின்னணுக் குப்பையைப் பிரித்துப் பிழைக்கிறவர்களைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியாகிவிட்டது. நாம் இரண்டு வருஷம் தள்ளிப்போடும் ஒவ்வொரு பொட்டியும் அங்கே இரண்டு வருஷம் தாமதமாகப் போய்ச் சேரும்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழு போட்டது. அதே வருஷம் டிசம்பரில் ஒரு இணையதளமும் திறந்தார்கள். 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், குப்பையை மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் கட்டின. நல்லதுதான். ஆனால் குப்பையான பிறகு செய்வதைவிட, குப்பையாகாமல் தடுப்பதற்கு இன்னும் அழுத்தமான சட்டம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த பேட்டரி விதி, 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துகிறவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்கிறது. நம் ஊரில் எஸ்.பி. ரோட்டிலும் ரிச்சி தெருவிலும் உட்கார்ந்திருக்கும் கைகள் உலகத்தில் எவருக்கும் சளைத்தவை இல்லை. ஒரிஜினல் ஸ்பேரும் சர்க்யூட் வரைபடமும் நியாய விலைக்கு அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலே போதும், நம் பொட்டிகளின் ஆயுள் தானாக நீளும்.

அதுவரைக்கும் கடைக்காரர் "மூணு வருஷம்தான் சார்" என்று சொன்னால், "அது உங்க ஆடிட்டர் கணக்கு அண்ணே, ரேம் ஸ்லாட் இருக்கான்னு சொல்லுங்க" என்று கேளுங்கள்.

அது சரி, உங்கள் பொட்டிக்கு இப்போது எத்தனை வயசு?