மணி அடிக்கட்டும்... ஆனால் யாருக்கு?



இந்த மாதம் நான் எழுதப் போவது கம்ப்யூட்டர் சமாச்சாரம். "நமக்கு எதுக்கு இது?" என்று பக்கத்துத் தாளுக்குப் போய்விடாதீர்கள். மில்லில் மிளகாய் அரைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த எல்லாருக்கும் இது புரியும்.

சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் டைப் செய்வது மனிதர்கள் படிக்கிற மாதிரியான வரிகள். கம்ப்யூட்டர் அதை அப்படியே ஓட்டாது. அதற்கேற்ற மாதிரி மாற்றிக் கொடுக்கணும். பெரிய சாஃப்ட்வேர் என்றால் ஆயிரக்கணக்கில் ஃபைல் இருக்கும். எது புதிதாக மாறியிருக்கு, எதை முதலில் அரைக்கணும், எதை எதோடு சேர்க்கணும், கடைசியில் சரியாக வந்திருக்கா என்று பார்க்கணும். இதையெல்லாம் தானாகச் செய்யும் கருவிக்குப் பெயர்தான் பில்டு டூல்.

இந்தக் கருவி பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் ஒருவர் காலை முழுவதும் ஒரு தப்பைத் தேடிக்கொண்டே இருந்தாராம். உண்மையில் அந்தத் தப்பை அவர் முன்பே திருத்திவிட்டார். திருத்திய ஃபைலை மறுபடி அரைக்கத்தான் மறந்துவிட்டார்! அவருடைய புலம்பலைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் 1976-இல் 'மேக்' என்ற கருவியை எழுதினார். அதற்காக 2003-இல் ஏ.சி.எம். அமைப்பின் மென்பொருள் விருதும் வாங்கினார். மேக் இன்றும் உபயோகத்தில் இருக்கிறது.

சரி, மில்லு வந்தாச்சு. அடுத்த கேள்வி: அரைத்து முடிந்ததை யார் வந்து சொல்வது?

சென்னை கே.கே. நகரில் இருக்கும் எங்க சித்தி பொண்ணு அக்கா ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறார். "ஒரு பில்டு முடிய முக்கால் மணி நேரம் ஆகும்டி. அதையே பார்த்துக்கிட்டு உட்கார முடியுமா? வேற வேலையைத் தொட்டா இது மறந்துடும்" என்று அக்கா சொன்னார். ஆக, கருவிக்கு ஒரு மணி வேணும். அதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது.

நம்ம ஊர்க் கிணற்று மோட்டாரையே பாருங்கள். முன்பெல்லாம் மும்முனைக் கரண்ட் எப்ப வரும் என்று ராத்திரியில் எழுந்து எழுந்து பார்க்கணும். இப்போது ஸ்டார்ட்டரில் சிம் கார்டு போட்ட கருவி வந்துவிட்டது. கரண்ட் வந்தால் போனில் கூப்பிடும். தூக்கம் மிச்சம்.

கம்ப்யூட்டரில் மணி என்பது பழைய விஷயம். 1963-இல் வந்த ஆஸ்கி என்ற எழுத்துப் பட்டியலில் 7-ஆம் எண் எழுத்தே இல்லை, மணி! அந்தக் காலத் தந்தி டைப் மெஷினில் அந்த எண் போனால் நிஜ மணியே அடிக்கும். இன்றைக்கும் பில்டு முடிந்ததும் அந்த 7-ஐ அனுப்பினால் கம்ப்யூட்டர் 'டிங்' என்று ஒலிக்கும். ஆனால் அரைத்தது நல்லா வந்துச்சா, கருகிடுச்சா என்று அந்த டிங் சொல்லாது. ஓடிப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

2000-இல் வெளிவந்த 'ஆன்ட்' என்ற கருவியில் மெயில் அனுப்பும் வசதியைப் பிறகு சேர்த்தார்கள். ஜெயித்தால் அனுப்பு, தோற்றால் அனுப்பு என்று அதில் இரண்டு சுவிட்ச் உண்டு. நாம் எதையும் தொடாவிட்டால் இரண்டுமே 'ஆன்'. என் சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது. எந்த வீட்டில் போன் வாங்கினாலும் கூடவே வந்த ரிங்டோனை எத்தனை பேர் மாற்றுகிறோம்? கருவி செய்தவர் எப்படி வைத்தாரோ அப்படியேதான் அது கிடக்கும்.

அக்காவின் ஆபீஸிலும் அதே கதைதான். ஒவ்வொரு பில்டுக்கும் எல்லாருக்கும் மெயில். "நல்லா முடிஞ்சது, நல்லா முடிஞ்சது" என்று நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும். யாரும் திறப்பதே இல்லை. ஒருநாள் நிஜமாகவே உடைந்துவிட்டது. அந்த மெயிலும் நல்ல மெயில்களுக்கு நடுவே புதைந்து போச்சு. மறுநாள்தான் பார்த்தார்கள். வேலைக்குச் சேர்ந்து மூணே மாசம் ஆன ஒரு பொண்ணின் பெயரை மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் வாசித்தார்களாம். அந்தப் பொண்ணு பாத்ரூமில் போய் அழுதது என்று அக்கா சொன்னார். அவளுக்கு உடனே தெரிந்திருந்தால் பத்து நிமிஷத்தில் சரி செய்திருப்பாள்.

எனக்கு இதுதான் தாங்கவில்லை. மணி இருந்தும் அடிக்க வேண்டியவளுக்கு அடிக்கவில்லை. அவமானத்துக்கு மட்டும் சரியாக அடித்திருக்கிறது.

ஜப்பானைச் சேர்ந்த கோசுகே கவாகுச்சி என்பவர் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியில் இருந்தபோது, 2004-இல் 'ஹட்சன்' என்ற கருவியை எழுத ஆரம்பித்தார். அதுதான் 2011-இல் 'ஜென்கின்ஸ்' என்று பெயர் மாறி உலகம் முழுக்கப் பரவியது. அவர் ஏன் எழுதினார் தெரியுமா? பில்டை அடிக்கடி உடைத்து, கூட வேலை பார்ப்பவர்களிடம் திட்டு வாங்கியது அவரேதான்! மற்றவர்கள் கண்டுபிடிக்கும் முன்னால் தனக்குத் தெரியணும் என்பதற்காகச் செய்தார். அப்படியென்றால் இந்த மணி தப்பு செய்தவரைக் காப்பாற்றப் பிறந்தது. அவரைக் காட்டிக் கொடுக்க இல்லை.

அதனால் பில்டு டூலில் மணி வைக்கிறவர்களுக்கு என் கோரிக்கைகள்:

1. உடைந்தால் அடி. சரியானதும் ஒருமுறை அடி. நல்லா ஓடிக்கிட்டே இருந்தால் பேசாமல் இரு. ஜென்கின்ஸின் மெயில் வசதி இப்படித்தான் நடந்துகொள்கிறது.

2. யார் மாற்றியதால் உடைந்ததோ, அவருக்குத் தனியாகச் சொல். இந்த வசதியும் ஜென்கின்ஸில் உண்டு, தேர்ந்தெடுத்தால் போதும்.

3. 'தோல்வி' என்று ஒரு வார்த்தையோடு நிறுத்தாதே. எந்த ஃபைல், எந்த வரி என்று முதலிலேயே சொல்.

4. நிறுத்தும் சுவிட்ச் அவரவர் கையில் இருக்கட்டும். பாதி ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்காதே.

"எல்லாருக்கும் தெரிஞ்சாதான் பயம் இருக்கும், பயம் இருந்தாதான் ஒழுங்கா வேலை பார்ப்பாங்க" என்று சில பெரியவர்கள் சொல்லலாம். பயந்தவர் என்ன செய்வார்? எழுதியதை உடனே கொடுக்காமல் பத்து நாள் தன்னிடமே வைத்துக்கொள்வார். பத்து நாள் வேலையை மொத்தமாகக் கொட்டினால் மற்றவர் வேலையோடு மோதும், தப்பு எங்கே என்று தேடுவதும் பத்து மடங்கு கஷ்டம். பயத்தால் வந்த லாபம் இவ்வளவுதான்.

அதற்காக எல்லாருக்கும் அடிக்கிற மணியே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2015 டிசம்பரில் கே.கே. நகருக்குப் பக்கத்தில் ஜாபர்கான்பேட்டையில் அடையாறு வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. அப்படிப்பட்ட ஆபத்தில் ஊர் முழுக்க மணி அடிக்கணும். 2023 அக்டோபரில் எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியதே, அது அப்படிப்பட்ட எச்சரிக்கைக்கான சோதனைதான். அதுபோல எல்லாரும் வேலை செய்யும் பொதுவான இடமே உடைந்துவிட்டால் எல்லாருக்கும் சொல்லலாம். அப்போதும் 'இது உடைந்திருக்கு, கொஞ்சம் பொறுங்கள்' என்றால் போதும். பெயர் எதற்கு?

இன்னொரு சிக்கலும் இருக்கு. எங்க தாத்தா கேட்கிற கேள்விதான் அது: "போன் வரலைன்னா கரண்ட் வரலைன்னு அர்த்தமா, சிம்முல காசு இல்லைன்னு அர்த்தமா?" மௌனமாக இருக்கும் கருவி செத்தும் போயிருக்கலாம். ஆகவே, கடைசியாக எப்போது ஓடியது என்பதை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்க ஓர் இடம் இருக்கணும். தேடி வந்து தட்டாமல், போனால் தெரிகிற மாதிரி இருந்தால் நல்லது.

தோழிகளே, நம்மில் சிலர் நாளைக்கு இந்த வேலைக்குப் போவோம். ஏதோ ஒரு கருவியில் மணி வைக்கும் பொறுப்பு நம்ம கைக்கும் வரலாம். அப்போது, சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும் என்று பார்ப்பதற்கு முன்னால், கேட்டவர் எழுந்து என்ன செய்ய முடியும் என்று யோசிப்போம். ஒன்றும் செய்ய முடியாதவருக்கு அடிக்கிற மணி வெறும் இரைச்சல்தான்.

உங்கள் கருத்து வேறாக இருந்தால் அடுத்த மாதத் தாளில் எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி