கருத்துக் கேட்பது யாரிடம்? முடிவெடுப்பது யார்?

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அறிவிப்பு வரும்: "நம் பங்கின் எதிர்காலத் திட்டம் குறித்து இறைமக்கள் அனைவரும் கருத்துச் சொல்ல வாருங்கள்." பங்கு மண்டபத்தில் நாற்காலி போடுவார்கள். வினாத்தாள் கொடுப்பார்கள். முன்வரிசையில் ஊர்ப் பெரியவர்களும், வரி வசூலிப்பவர்களும், திருவிழாக் குழுவினரும் உட்கார்ந்திருப்பார்கள். காலனியிலிருந்து வந்தவர்கள் கதவோரம் நிற்பார்கள். மைக் முன்வரிசையைத் தாண்டுவதற்குள் நேரம் முடிந்துவிடும். "அனைவரின் கருத்தும் கேட்கப்பட்டது" என்ற அறிக்கை ஆயர் இல்லத்துக்குப் போய்விடும்.

சாதி ஆதிக்கம் உள்ள பங்குகளில் வளர்ந்த தோழர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

2021 அக்டோபரில் போப் பிரான்சிஸ் உலக ஆயர் மாமன்றத்துக்கான கருத்துக் கேட்பைத் தொடங்கி வைத்தார். அடித்தள மக்களிடமிருந்து தொடங்குங்கள், விளிம்பில் இருப்பவர்களைக் கேளுங்கள் என்றார்கள். 2024 அக்டோபரில் வெளிவந்த இறுதி ஆவணம், பங்குப் பேரவை போன்ற அமைப்புகளைக் கட்டாயமாக்க வேண்டும் என்றது. மக்களின் குரலை "ஆலோசனை மட்டுமே" என்று ஒதுக்கும் சட்ட வாசகத்தையும் மறுபரிசீலனை செய்யச் சொன்னது. வரவேற்கிறோம். ஆனால் நம் கேள்வி எளிமையானது. கேட்ட பிறகு என்ன செய்தீர்கள்?

திருஅவைச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். ஒரு பங்கை உருவாக்கவோ, கலைக்கவோ, மாற்றவோ மறைமாவட்ட ஆயருக்கு மட்டுமே அதிகாரம் உண்டு என்கிறது 515ஆம் பிரிவு. அதற்கு முன் அவர் கட்டாயம் கேட்க வேண்டியது குருக்கள் மன்றத்தை. அந்தப் பங்கில் பிறந்து, திருமுழுக்குப் பெற்று, அங்கேயே புதைக்கப்படப் போகிற மக்களைக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் அந்தப் பிரிவில் இல்லை. 536ஆம் பிரிவின்படி பங்குப் பேரவைக்கு ஆலோசனைக் குரல் மட்டுமே. கருத்துச் சொல்வது மக்களின் உரிமை, சில வேளைகளில் கடமையும்கூட என்று 212ஆம் பிரிவு சொல்கிறது. சொல்லும் உரிமை மக்களுக்கு, தீர்மானிக்கும் உரிமை மேலே. இந்த இடைவெளியில்தான் சாதி சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது.

எறையூரை மறந்துவிட முடியாது. தேவாலயத்துக்குள் தனி இடம், தனிக் கல்லறை, சவ ஊர்வலத்துக்குத் தனி வழி என்று அங்குள்ள தலித் கத்தோலிக்கர்கள் பல ஆண்டுகள் முறையிட்டார்கள். கடைசியில் தங்கள் பகுதியில் இருந்த சகாய மாதா ஆலயத்தைத் தனிப் பங்காக்கிக் குரு ஒருவரை நியமிக்கக் கேட்டார்கள். அதுவும் ஒரு பங்கின் எதிர்காலத் திட்டம்தான். மக்களே எழுதிக் கொடுத்த திட்டம். 2008 மார்ச் 9 அன்று தலித் குடியிருப்பு தாக்கப்பட்டது, வீடுகள் சூறையாடப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் கிறித்தவர்கள் இருவர் உயிரிழந்தார்கள். காலத்தே காது கொடுத்திருந்தால் அந்த நாள் வந்திருக்குமா?

"தனிப் பங்கு கொடுத்தால் சாதி நிலைத்துவிடும், நமக்கு ஒற்றுமைதான் வேண்டும்" என்று உடனே உபதேசம் வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தனிக் கல்லறை கட்டியபோது இந்த ஒற்றுமை எங்கே போயிருந்தது? தேர் காலனித் தெருவுக்குள் திரும்பாமல் போனபோது யார் பதறினார்கள்? பிரித்து வைத்தவர்கள் ஒரு தரப்பு. பிரிக்கப்பட்டவர்கள் தங்களுக்கென்று ஒரு பீடம் கேட்டால் மட்டும் பிரிவினைவாதிகளா? தனிப் பங்கு எங்கள் இலட்சியம் அல்ல. ஒரே கோயிலில் சமமாக உட்கார விடாததால் எழுந்த கோரிக்கை அது. அதை மறுக்க விரும்புகிறவர்கள் முதலில் தாய்ப் பங்கில் சமத்துவத்தைக் காட்டிவிட்டு மறுக்கட்டும்.

இன்னொரு வாதமும் உண்டு. "எல்லாத் தரப்பையும் கேட்டு ஒருமித்த கருத்து வந்ததும் செய்வோம்." நடுநிலை போலத் தோன்றும் இந்த வாக்கியம்தான் மிக ஆபத்தானது. ஆதிக்க சாதி சம்மதிக்கும் வரை எதுவும் நடக்காது என்பதுதான் இதன் பொருள்.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்துக்குப் போவோம். வேளாளர்களும் நாடார்களும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே பூசை காண, கால்சட்டை போல இரண்டு கால்களாகப் பிரிந்த கோயில் 1872இல் அங்கே கட்டப்பட்டது. நடுவிலிருந்த தடுப்பைத் திருஅவை அதிகாரிகள் 1910இல் அகற்றினார்கள். ஆதிக்கத் தரப்பு நீதிமன்றம் போனது. கிறித்தவக் கோயிலுக்குள் சாதியின் பெயரால் தனி இடம் கேட்க உரிமையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று "ஒருமித்த கருத்து வரட்டும்" என்று காத்திருந்தால் அந்தத் தடுப்பு இன்றும் நின்றிருக்கும். சுவரை வைத்திருப்பவனின் கருத்தும், சுவரால் தடுக்கப்பட்டவனின் கருத்தும் ஒரே எடை அல்ல. சமத்துவத்தை வாக்கெடுப்புக்கு விட முடியாது.

ஆயர்களுக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. தமிழக ஆயர்களை ரோமில் சந்தித்த போப் இரண்டாம் ஜான் பால், 2003 நவம்பரில் திருஅவைக்குள் இருக்கும் சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாகக் கண்டித்தார். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருஅவைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. நாட்டின் சுமார் 1.9 கோடிக் கத்தோலிக்கர்களில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும் கணக்குச் சொன்னது. அப்படியானால் விளிம்பு எது? திருஅவையின் பெரும்பான்மையையே விளிம்பு என்று பெயரிட்டு, எப்போதாவது கூட்டம் போட்டுக் கேட்பதற்குப் பெயர் செவிமடுத்தலா?

1950 ஆகஸ்ட் 10 அன்று பிறப்பிக்கப்பட்ட குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறித்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதியை மறுக்கிறது. அதை எதிர்த்து ஆண்டுதோறும் கறுப்பு நாள் நடத்துகிறார்கள். நாமும் கறுப்புக் கொடி பிடிக்கிறோம், அது நியாயமான போராட்டம். ஆனால் டெல்லி நம் குரலைக் கேட்கவில்லை என்று தெருவில் முழங்கும் திருஅவை, தன் பங்கு மண்டபத்தில் அதே மக்களின் குரலைக் கேட்கிறதா?

எனவே, பங்கின் எதிர்காலத்தைத் திட்டமிடுகிறவர்களிடம் நாம் கேட்பது வினாத்தாள் அல்ல.

முதல் கூட்டம் பங்கு மண்டபத்தில் வேண்டாம், காலனியில் நடக்கட்டும். ஊர் நாட்டாமை எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, அவர் வயலில் கூலிக்குப் போகும் பெண் வாய் திறந்து பேசுவாள் என்று எதிர்பார்ப்பது ஏமாற்று வேலை.

பங்குப் பேரவையிலும் நிதிக்குழுவிலும் குடும்பங்களின் எண்ணிக்கைக்கு ஏற்பத் தலித்துகளுக்கு இடம் வேண்டும், அதில் பெண்களுக்குப் பாதி. நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும் என்று 537ஆம் பிரிவே சொல்கிறது. அதில் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலைக் கோயில் கதவில் ஒட்டுங்கள்.

திருவிழா வரியை எல்லாரிடமும் சமமாக வாங்க வேண்டும், தேர் எல்லாத் தெருவுக்கும் போக வேண்டும், எல்லாரையும் ஒரே கல்லறைத் தோட்டத்தில் புதைக்க வேண்டும். இவை பேச்சுவார்த்தைக்கு உரிய பொருள்களே அல்ல. இவற்றை நிறைவேற்றிவிட்டுத்தான் அடுத்த பத்தாண்டைப் பற்றிப் பேச வேண்டும்.

சொல்லப்பட்ட ஒவ்வொரு கோரிக்கைக்கும் எழுத்தில் பதில் வேண்டும். மறுத்தால் காரணத்தோடு மறுக்கட்டும்.

கடைசியாக, ஆதிக்க சாதிக் குடும்பங்களில் பிறந்து இந்தப் பத்தியைப் படிக்கும் இளம் தோழர்களுக்கு ஒரு சொல். முகநூலில் அம்பேத்கர் படம் வைப்பது நல்லதுதான். அடுத்த பங்குக் கூட்டத்தில் உங்கள் பெரியப்பா மைக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்போது எழுந்து நின்று, "கதவோரம் நிற்கிறவர்கள் முதலில் பேசட்டும்" என்று சொல்லுங்கள். அன்று வீட்டில் சோறு கிடைக்காமல் போகலாம். கதவோரம் நிற்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்த விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.