முன்பாரமும் பின்பாரமும்

பிரிஸ்பேனில் மகன் வீட்டில் ஐந்து மாதம் இருந்துவிட்டுப் போன மாதம்தான் நாமக்கல் திரும்பினேன். காலையில் நடக்க வரும் நண்பர்கள், "அங்கே என்னங்க பார்த்தீங்க?" என்று கேட்கிறார்கள். கங்காருவைப் பற்றிச் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். எனக்கு மனதில் நிற்பது ஓர் எடை மேடைதான். நம் ஊரில் முட்டை லோடும் கரும்பு லோடும் ஏறி நிற்குமே, அதே மாதிரி எடை மேடை. அதன் மேல் என் மகன் தன் வண்டியை நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

அங்கே பிக்கப் வண்டியை 'யூட்' என்கிறார்கள். நம் பொலிரோ பிக்கப்புக்குப் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் சாமான் வைக்கத் தொட்டி. வாரக் கடைசி ஆனால் பாதிப் பேர் அதன் பின்னால் கேரவன் வண்டியைக் கோத்துக்கொண்டு காடு, கடற்கரை என்று கிளம்பிவிடுகிறார்கள். கேரவன் என்றால் சக்கரம் வைத்த சின்ன வீடு. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு.

என் மகனும் ஒரு யூட் வாங்கி, ஒரு பழைய கேரவனையும் வாங்கினான். அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏதாவது ஒரு பெட்டி வீட்டுக்கு வரும். முன்னால் இரும்புத் தடுப்பு, அதில் வின்ச், தொட்டிக்கு மேல் கூண்டு, கூண்டுக்குள் இழுப்பறைகள், இன்னொரு பேட்டரி, குளிர்பெட்டி, கூரை மேல் சட்டம், சட்டத்தின் மேல் மடக்குக் கூடாரம். படுக்கக் கேரவன் இருக்கும்போது கூரையில் கூடாரம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை. பிள்ளை வீட்டுக்குப் போனால் வாயைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று நமக்கு நாமே ஒரு சட்டம் போட்டு வைத்திருக்கிறோம் அல்லவா? ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தேன். கேரவன் பிரேக்கை ஓட்டுநர் கையிலிருந்தே இயக்க ஒரு சின்னக் கருவி வாங்கியிருந்தான். "இதெல்லாம் வீண் செலவு கண்ணு" என்றேன். அதில் நான் சொன்னது எவ்வளவு தப்பு என்பது பின்னால் தெரிந்தது.

முதல் பயணம். வடக்கே ரெயின்போ பீச் என்ற ஊருக்கு, மூன்று மணி நேரத்துக்குமேல் ஓட்டம். மகன், மருமகள், பேரன், பேத்தி, நான். கிளம்பும்போது கேரவனின் பின்முனையில் நாலு சைக்கிளை மாட்டினான். அதன் தண்ணீர்த் தொட்டியும் பின்னால்தான், நிறைத்திருந்தான். நான் பார்த்தேன். போக்குவரத்துக் கழகப் பணிமனையில் முப்பத்துநாலு வருடம் பஸ்ஸுக்கு அடியில் படுத்து எழுந்தவன் நான். அதற்கும் முன்னால் என் அப்பா மாட்டு வண்டிக்குப் பாரம் ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்தவன். பின்பாரம் என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஆனாலும் சொல்லவில்லை.

நெடுஞ்சாலையில் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகம். ஒரு பெரிய லாரி எங்களைக் கடந்து போனது. அதன் காற்று அடித்ததும் கேரவன் இடது பக்கம் லேசாக அசைந்தது. பிறகு வலது. பிறகு இன்னும் அதிகமாக இடது. நாய் வாலை ஆட்டுவதுபோல் இல்லை, வால் நாயை ஆட்டுவதுபோல் இருந்தது. யூட்டின் பின்பகுதியையே அது இழுத்து எறியப் பார்த்தது. மருமகள் "மாமா, பிடிச்சுக்குங்க" என்று கத்தியது மட்டும் காதில் விழுந்தது. மகன் பிரேக்கை மிதிக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தான், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தான், நான் வீண் செலவு என்று சொன்ன அந்தக் கருவியின் பொத்தானை அமுக்கினான். கேரவனின் பிரேக் மட்டும் தனியாகப் பிடித்தது. வண்டி ஒரு இழுப்பில் நேராகிவிட்டது. அவன் பயந்துபோய் முன்வண்டி பிரேக்கை ஓங்கி மிதித்திருந்தால் பின்வண்டி முன்னே தள்ளி, இரண்டும் மடங்கியிருக்கும். இன்று இதை எழுத நான் இருந்திருப்பேனா, தெரியாது.

அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தினோம். யாரும் பேசவில்லை. பேத்தி மட்டும், "தாத்தா, இன்னொரு தடவை ஆடுமா?" என்று கேட்டாள். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "நாளைக்கு எடை மேடைக்குப் போலாம் கண்ணு" என்றேன். மெதுவாக வீடு திரும்பினோம்.

மறுநாள் கிடைத்த கணக்கு இது. யூட் தனியாக, ஆட்களோடும் சாமான்களோடும் 3,040 கிலோ. கேரவனைக் கோத்துவிட்டு யூட்டின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தினால் 3,160. அதாவது கேரவன் தன் மூக்கை யூட்டின் கொக்கி உருண்டையில் அமுக்குவது 120 கிலோ. கேரவன் சக்கரங்களின் மேல் 2,340. ஆக கேரவன் மொத்தம் 2,460.

அந்த யூட்டின் மொத்த எடை வரம்பு 3,200. கேரவனின் வரம்பு 2,500. இரண்டும் சேர்ந்து 6,000 வரை போகலாம். மகன் நிம்மதியாக, "அப்பா, எல்லாமே லிமிட்டுக்குள்ளதானுங்க இருக்கு" என்றான்.

"இருக்குது கண்ணு. ஆனா மூக்கு லேசா இருக்குதே" என்றேன்.

இங்கேதான் நம் மாட்டு வண்டிக் கணக்கு வருகிறது. முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே எழும்பும், வண்டி மாட்டின் பேச்சைக் கேட்காது. கழுத்தில் பாரம் கொஞ்சம் இருந்தே ஆக வேண்டும். அளவாக. கேரவனுக்கு அந்த அளவு, அதன் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு என்பதுதான் அங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. 2,460 கிலோ கேரவனுக்கு ஏறக்குறைய 246 கிலோ வேண்டும். எங்களுக்கு இருந்ததோ அதில் பாதி. பின்முனையில் சைக்கிளும் தண்ணீரும் ஏறி, மூக்கைத் தூக்கிவிட்டன. லாரிக் காற்று ஒரு சாக்குத்தான்.

சரி, பாரத்தை முன்னே நகர்த்தினால் போதுமா? அதிலும் ஒரு பொறி இருக்கிறது. சைக்கிளை வீட்டில் விட்டு, தண்ணீரைக் காலி செய்தால் கேரவன் 2,320 கிலோ. அதற்கு மூக்குப் பாரம் சுமார் 230. அந்த 230-ம் யூட்டின் முதுகில்தானே ஏறும்? 3,040-உடன் கூட்டினால் 3,270. வரம்பு 3,200. கேரவனைச் சரியாகக் கோத்தால் யூட் வரம்பு மீறுகிறது, யூட் வரம்புக்குள் இருக்க வேண்டுமானால் கேரவன் ஆடுகிறது. போதாக்குறைக்கு, கொக்கி பின்சக்கரத்துக்கும் பின்னால் இருப்பதால் ஏற்றக்கால் மாதிரி வேலை செய்யும். முன்சக்கரத்தை லேசாக்கி, பின் அச்சில் 230-க்கும் அதிகமாகவே ஏற்றும். ஸ்டியரிங் பிடிப்பதும், பிரேக்கின் பெரும் பங்கும் முன்சக்கரத்தில் என்பது நம் டிரைவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இந்த நெருக்கடி எங்கிருந்து வந்தது? சனிக்கிழமைப் பெட்டிகளிலிருந்து. ஒவ்வொன்றும் நாற்பது கிலோ, எழுபது கிலோ என்று சேர்ந்து, ஆள் ஏறுவதற்கு முன்பே வண்டியின் சக்தியைத் தின்றுவிட்டன. விளம்பரத்தில் 3,500 கிலோ இழுக்கும் என்று போட்டிருக்கிறது. உண்மைதான், இழுக்கும். ஆனால் இரண்டும் சேர்ந்து 6,000 என்ற வரம்பில் 3,500 போனால் யூட்டுக்கு மிச்சம் 2,500. வெறும் வண்டியே 2,200. ஐந்து பேரும், அவர்கள் மூட்டை முடிச்சும், இரும்புத் தடுப்பும் எல்லாம் மிச்சமுள்ள 300 கிலோவுக்குள் அடங்க வேண்டும். இந்தக் கழித்தலை எந்த விளம்பரமும் போட்டுக் காட்டுவதில்லை.

மகன் ஒரு யோசனை சொன்னான். "பின் ஸ்பிரிங்கைக் கெட்டியாப் போட்டுக்கலாங்கப்பா." போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும், பார்க்க நன்றாக இருக்கும். எடை ஒரு கிலோகூடக் குறையாது. சட்டப்படி வரம்பை உயர்த்திச் சான்று வாங்க வழி உண்டு, அது வேறு. வெறும் ஸ்பிரிங்கை மாற்றிவிட்டு வரம்பு கூடிவிட்டது என்று நினைப்பது நம்மை நாமே ஏமாற்றுவது.

கடைசியில் கூரைக் கூடாரத்தையும் சட்டத்தையும் கழற்றினான். இழுப்பறையிலிருந்த இரும்புச் சாமான்களில் பாதியை இறக்கினான். 140 கிலோ போயிற்று. கேரவனில் கனமான சாமான்களை அச்சுக்குச் சற்று முன்னே, கீழே வைத்தோம். திரும்ப எடை போட்டால் கேரவனோடு கோத்த யூட் 3,130. அடுத்த வாரம் அதே சாலை, அதே மாதிரி லாரிகள். கேரவன் ஆடவில்லை.

என் கருத்து இதுதான். புதிதாக இப்படிக் கிளம்புகிறவர்கள் கடைக்குப் போகும் முன் எடை மேடைக்குப் போக வேண்டும். குடும்பத்தோடு, சாமான்களோடு. மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்த பிறகு வாங்கட்டும். எல்லாமே வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பிரேக் கருவி விஷயத்தில் எனக்குப் பாடம் கிடைத்துவிட்டது. அங்கே 750 கிலோவுக்கு மேற்பட்ட இழுவண்டிக்குத் தனி பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் வேண்டும், கொக்கி விட்டுப்போனால் தானாகப் பிடிக்கும் ஏற்பாடும் வேண்டும். நல்ல சட்டம்.

ரெயின்போ பீச்சில் கேரவனை நிறுத்திவிட்டு, வெறும் யூட்டில் படகேறி எதிரே இருக்கும் தீவுக்குப் போனோம். உலகத்திலேயே பெரிய மணல் தீவு. ஃபிரேசர் தீவு என்று இருந்ததை 2023-ல் அந்த மண்ணின் மக்கள் வைத்த பழைய பெயருக்கே மாற்றினார்கள். 'கரி' என்று உச்சரிக்கிறார்கள். நம் அடுப்புக் கரி இல்லை, சொர்க்கம் என்று அர்த்தமாம். அங்கே கடற்கரைதான் சாலை. அலை வடிந்திருக்கும் நேரம் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும்.

படகுத்துறைக்கு முன்பே மணல் மாவு மாதிரி இருந்தது. மகன் இறங்கி, நாலு டயரிலும் காற்றைப் 18-க்கு இறக்கினான். தார்ச் சாலையில் 38 வைத்திருந்தது. எனக்கு மோகனூர்க் காவிரி ஞாபகம் வந்தது. மணல் அள்ள வரும் வண்டிகளில் இரும்புப் பட்டா போட்டது புதையும், டயர் வண்டி போய்விடும். டயர் பரந்து மணலை மிதிப்பதுதான் காரணம். காற்று குறைந்தால் டயர் இன்னும் நீளமாகத் தரையில் படுகிறது. எங்கள் வண்டி நழுவாமல் போயிற்று. பக்கத்திலேயே எல்லா அலங்காரமும் பூட்டிய ஒரு வண்டி அச்சு வரை புதைந்து நின்றது. காற்றை இறக்க மறந்துவிட்டார்கள். இறக்கி, மண்வெட்டியால் சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தள்ளியதும் தானே ஏறி வந்தது. காற்று குறைத்தபின் வேகமும் குறைய வேண்டும், வெடுக்கென்று திருப்பக் கூடாது, டயர் விளிம்பை விட்டுக் கழன்றுவிடும். தார்ச் சாலைக்கு வந்ததும் திரும்பக் காற்றடிக்க ஒரு சின்னப் பம்பு போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதைந்த வண்டியை இழுக்கக் கயிற்றைக் கொக்கி உருண்டையில் மாட்டவே கூடாது. அது முறிந்தால் குண்டு மாதிரி பறக்கும். அங்கே அப்படி உயிர் போயிருக்கிறது. இழுப்பதற்கென்றே சட்டத்தில் பூட்டிய வளையத்தில்தான் மாட்ட வேண்டும்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பலாப்பழமும் வாழைத்தாரும் குவித்துக்கொண்டு இறங்கும் பிக்கப்புகளைப் பாருங்கள். கோயிலுக்கு என்று டிராக்டர் டிரெய்லரில் முப்பது பேரை ஏற்றுவதைப் பாருங்கள். அந்த டிரெய்லர்களில் பிரேக் இருக்கிறதா என்று யார் பார்க்கிறோம்? என் பள்ளித் தோழன் ஒருவன் அப்படிக் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டப் போனவன்தான். இறக்கத்தில் டிரெய்லர் டிராக்டரைத் தள்ளிக் கவிழ்த்தது. அவன் திரும்பவில்லை. முந்தின நாள் சாயங்காலம் அந்த வண்டியைப் பார்த்து, "இது இழுக்குமாடா?" என்று கேட்டவன் நான். "நல்லா இழுக்கும்" என்றான். நிற்குமா என்று நான் கேட்கவில்லை. மெக்கானிக்காக இருந்தும் கேட்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். பிள்ளைகள் நம்மைவிட அதிகம் படித்தவர்கள், அதிகம் பார்த்தவர்கள். அந்தப் பொத்தானை அமுக்க என் மகனுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியாது. ஆனால் பின்பாரம் எனக்குத் தெரிந்திருந்தது. கிளம்பும் முன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? மிஞ்சிப்போனால் அவன் முகம் ஐந்து நிமிடம் சுருங்கியிருக்கும். நாம் கட்டளை போட வேண்டாம். "ஒரு தடவை எடை போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்கலாமே.

நான் ஊருக்குக் கிளம்பும் அன்று விமான நிலையத்தில் மகன் என் பெட்டியைத் தராசில் வைத்துவிட்டுச் சிரித்தான். "அப்பா, இருபத்தொன்பது கிலோ. ஒரு கிலோ மிச்சமிருக்குதுங்க" என்றான்.