மூடிய உறைக்குள் நமது உரிமை!



1975-ல் நெருக்கடி நிலை வந்தபோது செய்திகளை வெட்டத் தணிக்கை அதிகாரி இருந்தார். வெட்டியது யார் என்றாவது தெரிந்தது. இன்று கத்தரிக்கோலே கண்ணில் படுவதில்லை!

கேரளத்தின் மீடியா ஒன் தொலைக்காட்சியை எண்ணிப் பாருங்கள். உள்துறையின் பாதுகாப்பு அனுமதி இல்லை என்று 2022 ஜனவரி 31 அன்று அதற்குத் தடை வந்தது. ஏன் என்று கேட்டார்கள். மத்திய அரசோ, காரணத்தை முத்திரையிட்ட உறையில் நீதிபதிகளிடம் மட்டும் கொடுத்தது. தண்டனை உண்டு, குற்றம் என்னவென்று சொல்லமாட்டார்களாம்! கேரள உயர்நீதிமன்றத்தில் தனி நீதிபதியும் டிவிஷன் பெஞ்சும் இதை ஏற்றன.

அவர்கள் சோர்ந்துவிடவில்லை. உச்சநீதிமன்றம் சென்றார்கள். 2023 ஏப்ரல் 5 அன்று தடை ரத்தானது. உறைக்குள் இருந்ததும் தீர்ப்பில் வெளிவந்தது. குடியுரிமைத் திருத்தச் சட்டம், ஊபா சட்டம் பற்றி அந்தச் சேனல் வெளியிட்ட செய்திகளும் உளவுத்துறையின் குற்றப்பட்டியலில் இருந்தன! 'தேசப் பாதுகாப்பு' என்று வெறுமனே சொல்லி உரிமையைப் பறிக்க முடியாது என்றது நீதிமன்றம்.

வணிகப் பெருமக்களே! காரணம் சொல்லாமல் லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்கா தெரியாது? உண்மையை எழுதும் ஏடுகளுக்குச் சந்தாவும் விளம்பரமும் தாருங்கள். அது தர்மமல்ல, உங்கள் கடைக்கும் காவல்!

இளைஞர்களே! கோஷமிட்டுக் கலைந்தால் போதுமா? சட்டம் படியுங்கள். செய்தித்துறைக்கு வாருங்கள். எந்த உத்தரவையும் எழுத்தில் கேளுங்கள், காரணத்தையும் கேளுங்கள். கேட்டவர்களுக்குத்தான் அந்த உறை திறந்தது!