மதிலைத் தாண்டும் வானொலி



பிப்ரவரி மாதத்தில் வானொலிக்கு உரிய நாட்கள் மூன்று. 13-ஆம் தேதி உலக வானொலி நாள் என்பது பலருக்கும் தெரியும். மற்ற இரண்டையும் யாரும் கொண்டாடுவதில்லை. 1995 பிப்ரவரி 9-இல், அலைவரிசை பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2004 பிப்ரவரி 1-இல், சென்னை கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ‘அண்ணா எஃப்.எம்.’ 90.4 மெகாஹெர்ட்ஸில் பேசத் தொடங்கியது. இந்தியாவில் ஒரு கல்வி வளாகத்திலிருந்து எழுந்த முதல் சமுதாய வானொலி அது. பிறந்தது நம் தமிழ்நாட்டில் என்பதால், அதன் கதையைக் கொஞ்சம் பேசலாம் என்று தோன்றியது.

கதையின் தொடக்கம் கிரிக்கெட்டில் இருக்கிறது. 1993-இல் நடந்த ஹீரோ கோப்பைப் போட்டிகளை யார் ஒளிபரப்புவது என்று வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் தூர்தர்ஷனுக்கும் தகராறு வந்து, வழக்கு டெல்லி வரை போனது. நீதிபதிகள் பி.பி. சாவந்த், பி.பி. ஜீவன் ரெட்டி ஆகியோர் எழுதிய தீர்ப்பு கிரிக்கெட்டோடு நிற்கவில்லை. வானலைகள் அரசின் தனியுடைமையும் அல்ல, பணம் படைத்தவர்களின் உடைமையும் அல்ல, பொதுநலனுக்காகப் பயன்பட வேண்டியவை என்றது. மட்டையும் பந்தும் மோதிய இடத்தில் வானொலிக்கு வழி பிறந்தது!

ஆனால் வழி திறக்க ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2002 டிசம்பரில்தான் மத்திய அரசு சமுதாய வானொலிக்கு இசைந்தது. அதுவும் பெயர்பெற்ற கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். மகளிர் சங்கமோ விவசாயிகள் அமைப்போ கேட்டால் கிடையாது. ஊர்க்காரர்கள் கையில் ஒலிவாங்கியைக் கொடுக்க அரசுக்கு இருந்த தயக்கம் அதில் தெரிகிறது. பேராசிரியர்களும் மதில் சுவரும் உள்ள இடம் என்றால் பயமில்லை என்று நினைத்திருக்கலாம். இப்படித்தான் எல்லோருக்கும் சொந்தமான வீட்டின் சாவி பல்கலைக்கழகங்களின் கைக்கு முதலில் வந்தது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒலி-ஒளி மையத்தை நடத்திய பேராசிரியர் ஆர். ஸ்ரீதர் அந்தச் சாவியைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். அன்றைய துணைப் பிரதமர் எல்.கே. அத்வானி கையால் தொடக்கம். ஒலிபரப்பியின் வலிமை ஐம்பது, நூறு வாட் அளவில்தான்; சுற்றுவட்டாரத்தைத் தாண்டிக் கேட்காது. ஆனால் சுற்றுவட்டாரம்தானே நோக்கம்? பாடத்தை மட்டும் ஒலிபரப்பியிருந்தால் அது மாணவர்களுக்கான இன்னொரு வகுப்பறை ஆகியிருக்கும். உடல்நலம், சுகாதாரம், சுற்றுச்சூழல் என்று அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளின் பாடுகளை எடுத்துக்கொண்டதால்தான் அதற்குச் சமுதாய வானொலி என்ற பெயர் பொருந்தியது.

பல்கலைக்கழகமும் வானொலியும் சேர்ந்த கதை உலகில் நூறாண்டுப் பழையது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எர்ல் டெர்ரி என்ற இயற்பியல் பேராசிரியர், வால்வுகளைக்கூட ஆய்வகத்திலேயே ஊதிச் செய்து ஒரு நிலையத்தை ஓட்டினார். 9எக்ஸ்எம் என்று அழைக்கப்பட்ட அந்த நிலையம் 1920-களின் தொடக்கத்தில் விவசாயிகளுக்குச் சொன்னவை வானிலையும் சந்தை விலையும். வால்வு ஊதத் தெரிந்த பேராசிரியருக்கு, தன் குரல் போய்ச் சேர வேண்டிய இடம் மாட்டுத் தொழுவம் என்பதும் தெரிந்திருந்தது.

நம் பக்கத்திலும் அந்த அறிவுக்குக் குறைவில்லை. அகில இந்திய வானொலி வருவதற்கு முன்பே, 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் சென்னையில் வானொலிக் கழகம் தொடங்கினார். பணமில்லாமல் அது மூன்றாண்டில் நின்றபோது, கருவியை மாநகராட்சி பெற்றுக்கொண்டு 1930 முதல் 1938 வரை ஒலிபரப்பியது. தண்ணீர் வரியும் குப்பை வண்டியும் பார்க்கிற மாநகராட்சி, மாலையில் பாட்டும் போட்டது! பிறகு திருச்சி வானொலியின் பண்ணைச் செய்திகளைக் கேட்டுத் தஞ்சை விவசாயிகள் பயிரிட்ட ஏ.டி.டி. 27 நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் விழுந்தது. கேட்பவர் காரியத்துக்கு ஆகிற பேச்சு என்றால், ஊர் அதை இப்படித் தன்னுடையதாக்கிக்கொள்ளும்.

2006 நவம்பரில் விதி மாறியது. தன்னார்வ அமைப்புகளும் நிலையம் தொடங்கலாம் என்றானது. 2008 அக்டோபரில் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் மேடக் மாவட்டத்து மாச்சனூர் கிராமத்தில் தலித் பெண்கள் நடத்தும் ‘சங்கம் ரேடியோ’ ஒலித்தது. விதை, சிறுதானியம், கூலி, வீட்டு மருந்து என்று அவர்கள் பேசியதைப் பார்த்தபோது, கல்லூரி வானொலிகளுக்கும் ஒரு கேள்வி எழுந்திருக்க வேண்டும். இன்று நாடு முழுக்க ஏறத்தாழ ஐந்நூறு சமுதாய வானொலிகள். தமிழ்நாட்டில் பெரும்பாலானவை கல்வி நிறுவனங்களின் கையில். அவற்றில் எத்தனை, மதிலுக்கு வெளியே இருப்பவரைப் பேச வைக்கின்றன?

கல்லூரிக்குக் கட்டடம், மின்சாரம், பொறியாளர், படிக்கிற பிள்ளைகள் எல்லாம் தயாராக இருக்கின்றன. குறையும் அங்கேயே இருக்கிறது. பயிற்சி பெற்ற மாணவி மூன்றாம் ஆண்டு முடிந்ததும் போய்விடுகிறாள். தேர்வு மாதத்தில் பழைய நிகழ்ச்சியே திரும்பத் திரும்ப ஓடுகிறது. சினிமாப் பாட்டும் கலகலப்பும் போட்டுத் தனியார் பண்பலையைப் போல ஆகிவிடும் ஆசையும் வருகிறது. இவை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து ஊர்க்காரர்கள்தான். அவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போகப் போவதில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். நம்மில் மூத்தவர்கள் இலங்கை வானொலியின் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது குரல்களோடு வளர்ந்தவர்கள். திருநெல்வேலி நிலையமும் இருந்தது; கோடைப் பண்பலை பிறகு வந்தது. எல்லாம் தூரத்திலிருந்து நம்மை நோக்கி வந்த குரல்கள். நமக்கு நடுவிலிருந்தே ஒரு குரல் எழ முடியும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நடுவே மம்சாபுரம் பக்கம் நூறு வாட் கோபுரம் ஒன்று நின்றால் இரண்டு ஊரையும் தொட்டுவிடும். சட்டம் சமுதாய வானொலிக்குச் சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதிப்பதில்லை. அது பெரிய குறைதான். ஆனால் மின்தடை, குடிநீர், மழை, வேலைவாய்ப்பு, உள்ளூர்த் திருவிழா ஆகியவை செய்திக் கணக்கில் வராது என்று அதே விதி சொல்கிறது. ஆடிப்பூரத் தேரன்று எந்த வழியில் பேருந்து திரும்பும் என்பதைச் சொல்ல இதைவிட வேறு என்ன வேண்டும்? 2015 மே மாதம் சதுரகிரி மலை ஓடையில் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் சிலர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. மலையில் மழை பிடித்துவிட்டது, அடிவாரத்திலேயே நில்லுங்கள் என்று உரிய நேரத்தில் ஒலிக்கும் ஒரு வரியின் மதிப்பு நமக்குத் தெரியும்.

பேசவும் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. பால்கோவாவுக்குப் பாலைக் கிண்டிக்கொண்டே நிற்பவருக்குக் கையும் கண்ணும் அடுப்பில். காது மட்டும் சும்மா இருக்கிறது. அவர் கேட்கவும் செய்யலாம், பாலின் விலை பற்றிப் பேசவும் செய்யலாம். சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்பவர்களுக்குத் தறிச் சத்தத்தில் எதுவும் கேட்காது. அவர்களுக்கான நிகழ்ச்சி ஷிப்டு முடிந்த நேரத்தில்தான் வர வேண்டும். இதையெல்லாம் டெல்லியிலோ சென்னையிலோ உட்கார்ந்து திட்டமிட முடியாது. செண்பகத்தோப்புப் பளியர் தேனெடுக்கும் காட்டைப் பற்றித் தம் வாயால் சொன்னால், அங்குள்ள புலிகள் காப்பகம் பற்றிய நம் பேச்சு இன்னும் முழுமையாகும். வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசும் ராஜபாளையத்துப் பாட்டிமார்களின் கதைகளைப் பதிவு செய்ய வேறு யார் வருவார்கள்?

பணம்? விளம்பர நேரம் மணிக்கு 12 நிமிடம் வரை என 2024-இல் உயர்த்தப்பட்டது. அனுமதிக் காலமும் பத்தாண்டு ஆகிவிட்டது. நம் கடைவீதி விளம்பரங்களை வைத்தே ஓரளவு சமாளிக்கலாம். கிடைப்பதற்கு அரிதான பொருள், பிடிவாதமாக நேரம் கொடுக்கும் பத்துப் பேர்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்கு அரை மணி நேரம் ஒலிவாங்கி கிடைத்தால் என்ன பேசுவீர்கள், யாரைப் பேச வைப்பீர்கள், எந்த நேரத்தில் ஒலித்தால் உங்கள் தெரு கேட்கும்? ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். சிறந்தவற்றை அடுத்த இதழில் வெளியிடுகிறோம். எல்லாக் கடிதங்களையும் கட்டி எடுத்துக்கொண்டு நம் வட்டாரக் கல்லூரிகளின் கதவைத் தட்டுவதும் எங்கள் பொறுப்பு. ‘மக்கள் கேட்க மாட்டார்கள்’ என்று யாரும் சொன்னால், காட்டுவதற்குக் கையில் கட்டுக் கடிதம் வேண்டுமே!

அன்புடன்,
ஆசிரியர்