மேடைக்கு எட்டாததா '1984'?

ஆர்வெல்லின் '1984' மனதுக்குள் நடக்கும் கதை, மேடையேற்றினால் சித்திரவதைதான் மிஞ்சும் என்ற வாதத்தை ஏற்க முடியாது. ராபர்ட் ஐக்கும் டங்கன் மேக்மில்லனும் 2013இல் நாட்டிங்ஹாமில் அரங்கேற்றிய நாடகமே அதற்குப் பதில். வின்ஸ்டனும் ஜூலியாவும் ஒளிந்து சந்திக்கும் அறை அதில் கேமரா வழியே திரையில்தான் தெரியும். காதலர்களின் அந்தரங்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பார்வையாளர்களே அங்கே கண்காணிப்பவர்களாகிவிடுகிறார்கள். நாவலைத் தனியே வாசிப்பவருக்கு இந்தக் குறுகுறுப்பு இவ்வளவு நேரடியாக வாய்க்காது. இதே நாடகம் நியூயார்க்கில் 2017இல் நடந்தபோது சித்திரவதைக் காட்சியைத் தாங்காமல் சிலர் மயங்கி விழுந்தார்களே என்று கேட்கலாம். உண்மைதான், அந்தக் காட்சி அளவு மீறியது என்றே நானும் கருதுகிறேன். ஆனால் அது இயக்கியவர்களின் தேர்வு, மேடையின் இயலாமை அல்ல. நாவலில் பலர் படிக்காமல் விட்டுவிடும் பின்னிணைப்பையே நாடகத்தின் சட்டகமாக்கி, கதையில் ஆளும் கட்சியின் ஆட்சி உண்மையிலேயே முடிந்ததா என்று கேட்க வைத்தவர்களும் அவர்கள்தான்.