டேட்டாவையும் ஒருமுறை பாருங்கள்!

ஆய்வுக் கட்டுரையை ஜர்னலுக்கு அனுப்புவோர் எழுத்துப் பிழைகளைத் தேடித் தேடித் திருத்துகின்றனர்; உடன் இணைக்கும் எக்ஸெல் பைலைப் பார்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் அக்கா மகளும் நானும் அப்படித்தான் இருந்தோம். அனுப்பும் நாளன்று தற்செயலாகப் பட்டியலைத் திறந்தால், "செப்ட்2" என்னும் மரபணுவின் பெயர் செப்டம்பர் 2 என்ற தேதியாகி இருந்தது! 2016ல் வெளியான ஓர் ஆய்வு, எக்ஸெல் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழைகளைக் கண்டது. இதனால் அந்த மரபணுவின் பெயரே இப்போது "செப்டின்2" என மாற்றப்பட்டுவிட்டது. மாற வேண்டியது நம் பழக்கமும்தான் என்பேன். டேட்டாவை அமைக்கும் முன்பே செல்களைத் தேர்ந்தெடுத்து, பார்மட் செல்ஸ் சென்று டெக்ஸ்ட் எனக் கொடுத்திடுங்கள். பின்னர் கொடுத்தால் தேதி வெறும் எண்ணாகிவிடும். இழந்த பெயர் திரும்பாது.